பேனரில் மூன்றாவது முகம்

மெஞ்ஞானபுரம்
06.10.2024

கர்த்தருக்குள் அன்பான தங்கை ஞானசெல்விக்கு அண்ணன் தேவப்பிரியம் எழுதுவது. தேவ கிருபையால் நானும் மகள் பெனிஷாவும் சுகம். என் மூட்டுவலி வழக்கம்போல. உன் சுகத்துக்காகக் காலையும் மாலையும் ஜெபிக்கிறோம்.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். எனக்குக் காது அநேகமாகப் போய்விட்டது. நீ சொல்வதை பெனிஷா பக்கத்தில் நின்று கத்திச் சொன்னால்தான் உண்டு. நம் வீட்டுத் துக்கத்தைத் தெரு கேட்க வேண்டாம். ஆகையால் கடிதம்.

மாப்பிள்ளை ஜெயசிங்கையும் உன் பிள்ளை ஜெபினையும் ஒரே பைக்கில் வைத்து அந்த டிரெய்லர் லாரி கொண்டுபோய் மூன்று மாதம் ஆகப்போகிறது. அடக்கம் முடிந்து நான் ஊர் திரும்பியதிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். நீ அங்கே தனியாக எதற்கு? கிணற்றுப் பக்கத்து அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் கோயில் கோபுரம் தெரியும். தார்ப்பாய்க் கடையைக் கொடுத்துவிட்டு கிறிஸ்துமஸ் முடிந்ததும் வந்துவிடு. உனக்கு இந்த உலகத்தில் செய்ய இனி ஒன்றும் பாக்கியில்லை தங்கச்சி. மிச்சமிருக்கிற நாளை ஜெபத்தில் கழிப்போம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்பு அண்ணன்
தேவப்பிரியம்

*

திருவொற்றியூர்
20.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. மூட்டுக்கு அந்த எண்ணெயையே தேய்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள். பெனிஷாவின் டீச்சர் வேலை எப்படிப் போகிறது?

என் சுகம் கேட்டிருக்கிறீர்கள். உடம்பு இருக்கிறது. சோற்றைப் போட்டால் தின்கிறது. அது தின்பதைப் பார்த்தால் எனக்கே குமட்டுகிறது.

போன் எனக்கும் வேண்டாம். விடிந்ததும் மெழுகுவத்திப் படம், ரோஜாப்பூ மேலே வசனம். பத்து நிமிஷம் கழித்து அதே ஆளிடமிருந்து ஒரு சிரிப்பு வீடியோ. அணைத்து அலமாரிக்குள் போட்டுவிட்டேன். கீழ்வீட்டு ஜானட் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரியாணி கொண்டுவருகிறாள். எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறாள். நாலு வாய் தின்றால், "பரவாயில்லையே, நல்லா சாப்புடுறீங்களே" என்கிறாள். தின்னாவிட்டால் அதைச் சொல்ல அவளுக்கு ஒரு தெருவே இருக்கிறது. சபையில் நான் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் சாட்சி சொல்ல வேண்டுமாம். புருஷனும் பிள்ளையும் போனதில் கர்த்தருடைய நோக்கத்தை நான் எப்படிக் கண்டுகொண்டேன் என்று மைக் பிடித்துச் சொல்ல வேண்டுமாம். அடுத்தவன் வீட்டு இழவில் மனுஷருக்கு இவ்வளவு ருசி இருக்கும் என்பதைத்தான் நான் கண்டுகொண்டேன்.

காற்று எர்ணாவூர்த் தொழிற்சாலைப் பக்கமிருந்து அடித்தால் மூக்கு எரிகிறது. கொடுங்கையூர்ப் பக்கமிருந்து அடித்தால் குப்பைப் புகை. கடலிலிருந்து அடித்தால் எண்ணெயும் மீன் கவிச்சியும். முப்பது வருஷம் இதற்குள் எப்படிக் குடித்தனம் நடத்தினேன் என்று தெரியவில்லை. வீட்டில் ஆள் இருந்தபோது மூக்கு இதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை போல.

அடக்கத்துக்குப் பிறகு போன வாரம்தான் முதல் தடவையாகத் தெருவில் இறங்கினேன். கடையைத் திறந்து பார்த்தேன். கயிறு வாங்க வந்த ஒரு மீன்பிடி போட்டுக்காரர் என்னைப் பார்த்ததும், "ஐயோ... யம்மா, நீயா?" என்று நடுங்கினார். கயிற்றை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார். மாவு மில்லில் இரண்டு பெண்கள் என்னைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். விதவை எதிரே வந்தால் இப்படியா ஒதுங்குவார்கள்? சீ என்றிருந்தது.

நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். ஜனவரி முதல் வாரம் வந்துவிடுகிறேன். இந்த ஊர் முகத்தில் முழிக்க எனக்கு இஷ்டமில்லை.

பெனிஷாவுக்கு முத்தம்.

செல்வி

*

மெஞ்ஞானபுரம்
05.11.2024

பிரியமான தங்கைக்கு அண்ணனின் வாழ்த்துதல். நாங்கள் சுகம். நீ ஜனவரியில் வருவதாக எழுதியது எனக்குப் பெரிய ஆறுதல்.

அதுவரை அதிகம் வெளியே போகாதே. ஜனங்கள் எதையாவது நினைப்பார்கள், எதையாவது பேசுவார்கள். மார்க்கெட் பக்கமே வேண்டாம். தேவையானதை ஜானட்டிடம் சொல்லி வாங்கிக்கொள். கடையை விலை பேச வியாபாரிகள் சங்கத்தாருக்கு எழுதிவிட்டேன்.

அறைக்குப் புதுக் கட்டில் செய்யச் சொல்லியிருக்கிறேன். உனக்கு உயரம் குறைவாக இருந்தால்தான் பிடிக்கும் என்று ஞாபகம்.

அண்ணன்
தேவப்பிரியம்

*

திருவொற்றியூர்
24.11.2024

அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம்தானே. எனக்குச் சுகத்தைப் பற்றி எழுதப் பொறுமையில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மார்க்கெட்டுக்குப் போனேன். நீங்கள் போகாதே என்று எழுதியதால்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் வரிசையில் கடைசிக் கடையில் மேலே நிழலுக்கு ஒரு பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. ஈரமும் செதிலும் காக்காய் எச்சமுமாக. கீழே ஈ மொய்க்கிற கானாங்கெளுத்தி. தலையைத் தூக்கிப் பார்த்தால் ஜெபின்.

"கண்ணீர் அஞ்சலி" என்று கொட்டை எழுத்து. ஒரு வட்டத்தில் என் பிள்ளை. மீன் கழுவின தண்ணீர் தெறித்து அவன் கன்னமெல்லாம் காய்ந்துபோயிருந்தது. பக்கத்து வட்டத்தில் அவர். மீசை மேல் ஒரு மீன் குடல் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது வட்டத்தில் நான்.

நான்தான் அண்ணே. ஜெபின் காலேஜ் முடித்தபோது ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் இருந்த பச்சைப் புடவை. கீழே வியாபாரிகள் சங்கத்தின் பெயர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மறைவுத் தேதி.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைக்காரி கத்தினாள். மங்கை என்று பேர்.

"இன்னாம்மா அண்ணாந்து பாத்துகினே கீற? மீனு வோணுமா வோணாமா?"

நான் கையை மட்டும் தூக்கிக் காட்டினேன். அவள் மேலே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள்.

"ஐயே! நீ சாவலியா?"

"அதைக் கழற்று" என்றேன்.

"கயட்டுனா மீனு நாறிப்பூடும். ரெண்டு மாசமா உன் மூஞ்சப் பாத்துதான் கடை போட்டுகினு கீறேன். பாவம், நல்ல களையான பொம்பளை, இப்டிப் பூட்டாளேன்னு எத்தினி நாள் உச்சு கொட்டியிருப்பேன் தெரியுமா? இப்ப வந்து குத்துக்கல்லாட்டம் நிக்கிற!"

"என் பிள்ளை முகத்தில் மீன் தண்ணி வடிகிறது, உனக்கு அறிவில்லை?"

"உன் புள்ளன்னு எனக்கு இன்னா தெரியும்? கம்பத்துலேர்ந்து அவுத்து குப்பையில போட்டாங்கோ, எட்தாந்தேன். எம் புருசன் செத்தப்ப வெச்ச பேனரு கக்கூசுக்குக் கதவா கீது. நான் இன்னா அவனாண்ட போய் அயுதுகினா கீறேன்?"

எனக்கு வந்த கோபத்தில் அவள் தராசைத் தட்டிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து முறுக்கினாள். நாலு பேர் வந்து விலக்கினார்கள். அவள் என்னைத் திட்டிய திட்டை எழுதினால் உங்கள் வீட்டில் கடிதத்தைக் கொளுத்துவீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். நாலரை மாதத்தில் என்னிடம் குரலைத் தாழ்த்தாமல் பேசிய முதல் ஆள் அவள்தான்.

பேனரால்தான் தார்ப்பாய் வியாபாரம் படுத்தது என்று அவர் தினமும் புலம்புவார். ஓசியில் கிடைக்கும் பிளெக்ஸைக் கட்டிக்கொள்கிறவன் நம்மிடம் ஏன் வருவான் என்பார். அந்த மனுஷரையே கடைசியில் பிளெக்ஸில் அடித்து மீனுக்கு மேலே கட்டியிருக்கிறார்கள்.

போட்டுக்காரர் ஏன் நடுங்கினார் என்று இப்போது புரிகிறது. இந்தப் பேனர் தெருத்தெருவாக நின்றிருக்கிறது. நான் வீட்டுக்குள் கிடந்தபோது ஊர் முழுக்க என்னைச் சாகடித்து நிறுத்தியிருக்கிறார்கள். வந்து பிரியாணி கொடுத்தவள், ஜெபம் பண்ணினவர்கள், ஒருத்தரும் சொல்லவில்லை. அடக்கத்துக்குப் பிறகு ஒரு வாரம் இங்கே இருந்தீர்களே, நீங்கள் பார்த்தீர்களா அண்ணே? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

செல்வி

*

மெஞ்ஞானபுரம்
22.12.2024

அன்பான தங்கைக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துதல்கள். நாங்கள் சுகம். இங்கே நல்ல மழை. குளம் நிரம்பி மறுகால் பாய்கிறது. கோயிலுக்குப் புது வண்ணம் அடித்திருக்கிறார்கள். பெனிஷா உனக்காக முந்திரிக்கொத்து செய்து வைத்திருக்கிறாள்.

பதில் தாமதமாகிவிட்டது. கருப்பட்டி மண்டியில் வேலை அதிகம்.

பேனர் விஷயத்தைப் பெரிதுபடுத்தாதே. பிலால் சின்னப் பையன், அவசரத்தில் தவறிவிட்டான். மன்னித்துவிடு. மீன்காரிகளோடு சண்டை போடுவது நம் குடும்பத்துக்கு அழகல்ல.

கட்டில் வந்துவிட்டது. ரயில் டிக்கெட் எடுத்ததும் தேதி எழுது.

அண்ணன்

*

திருவொற்றியூர்
03.01.2025

அண்ணனுக்குப் புத்தாண்டு வாழ்த்து. மழையில் நனையாமல் இருங்கள்.

அச்சடித்தவன் பெயர் பிலால் என்று நான் எழுதவே இல்லையே. எனக்கே தெரியாது. உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் அந்தப் பெயரில் அச்சுக்கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு போனேன். ராயபுரத்தில் பாலத்துக்குக் கீழே இருக்கிறது. என்னைக் கண்டதும் பையன் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். பிறகு அழுதான். இந்த ஊரில் எனக்கு முன்னால் அழுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஆனால் அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னான்.

"மூணு பேரும் கீற ஒரே போட்டோ குடுத்தாங்கம்மா. பைக்ல மூணு பேரும் போயிகினு இருந்தீங்கன்னு நெனச்சிட்டேன். மறுநாள் காலைல உங்க தெருமுனைல பேனரு கட்டிகினு இருந்தப்ப உங்க அண்ணன் வந்தாரு. பேனரு முன்னால ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தாரு. நீங்க உசுரோட கீறீங்கன்னு அங்க சொன்னாங்கோ, ஓடிப்போய் அவரு காலைப் புட்சேன். அவருக்குக் காது கேக்கலன்னு சொன்னாங்கோ. தப்பாயிடுச்சு, ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் மாத்திக் குடுக்குறேன், காசே வோணாம்னு பேப்பர்ல என் பேரும் போட்டு எய்திக் காமிச்சேன். அவரு படிச்சிட்டு, 'இருக்கட்டும் தம்பி'ன்னு சொல்லிட்டுப் பூட்டாரு."

இருக்கட்டும் தம்பி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். வாய் கசந்தது. சாக்கடைப் பக்கம் போய்த் துப்பினேன்.

மாற்றுவதற்கு ஆள் காலில் விழுந்திருக்கிறான். பணம்கூடக் கேட்கவில்லை. நீங்கள் மாற்றவில்லை. ஏன்?

இந்த மாதம் நான் வரவில்லை. டிக்கெட் எடுக்கவில்லை. சங்கத்தார் கடையை விலை பேச ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். என்னையும் பேனரில் அடித்தவர்கள் என் கடையை விற்க வருகிறார்களா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். போன திங்கட்கிழமையிலிருந்து கடையைத் திறந்து வைத்திருக்கிறேன். முதல் நாள் வந்தது யார் தெரியுமா? மங்கை.

"பேனரம்மா, ஒரு தார்ப்பா குடு. கெட்டியா இர்க்கணும். ஓசியில குட்த்தியோ, மூஞ்சில அட்ச்சிட்டுப் பூடுவேன்."

வாங்கிக்கொண்டு போனாள். பழைய பேனரைச் சுருட்டிக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். ஒரே நாற்றம். மாடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நாற்றம் போகவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் வெட்டியெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மனசு வரவில்லை. மடித்து வெளியே போட்டுவிட்டேன்.

பதில் எழுதுங்கள்.

செல்வி

*

திருவொற்றியூர்
16.02.2025

அண்ணனுக்கு,

ஆறு வாரமாகப் பதிலில்லை. சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எர்ணாவூர்க் குடியிருப்பில் இன்னொரு பேனர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மூன்றாவது மாடியில் குளிக்கிற இடத்துக்கு மறைப்பாகக் கட்டியிருக்கிறார்கள். சோப்பு நுரையும் பாசியும் படிந்து என் பச்சைப் புடவை கறுப்பாகிவிட்டது. உள்ளே யாரோ காறித் துப்பிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தார்கள். கொடு என்று கேட்கவில்லை. கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு நான் எங்கே போவது?

வெட்கத்தை விட்டு ஒன்று எழுதுகிறேன். போன வாரம் மங்கை மீன் குழம்பு கொண்டுவந்து மேஜையில் டம்மென்று வைத்துவிட்டுப் போனாள். எதிரே உட்கார்ந்து பார்க்கவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு மீன் தின்றேன். ஜெபினுக்குப் பிடித்த வஞ்சிரம். ருசியாக இருந்தது அண்ணே. தட்டை வழித்துத் தின்றேன். பிறகு என் விரலைப் பார்த்தபோது எனக்கு என்மேலேயே அப்படி ஒரு அருவருப்பு. ராத்திரி மறுபடியும் பசித்தது. மிச்சத்தையும் தின்றேன்.

போதகர் வந்திருந்தார். வருஷ நினைவு நாளுக்குக் கல்லறைக் கல்லை நீங்கள் ஊரிலேயே செய்து அனுப்புவதாகச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

செல்வி

*

மெஞ்ஞானபுரம்
09.03.2025

என் அன்பு அத்தைக்கு, பெனிஷா எழுதுகிறேன். நான் நலம். நீங்கள் மீன் சாப்பிட்டதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அப்பாவுக்கு வரும் கடிதங்களை நான் படிப்பது தப்புதான். அவர் பைபிளுக்குள் வைக்கிறார், நான் எடுத்துப் படித்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

அப்பா உங்களுக்குப் பதில் எழுத உட்காருகிறார். "பிரியமான தங்கைக்கு" என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறார். இப்படி எத்தனையோ தாள் வீணாகிவிட்டது.

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். அம்மா செத்தபோது கல்லறைக் கல்லில் அப்பா தன் பெயரையும் சேர்த்து வெட்டிவிட்டார். பெயர், பிறந்த தேதி, பிறகு ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் காலி. இங்கே இரண்டொரு பேர் அப்படிச் செய்வதுண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா போய் அந்தக் காலி இடத்தைத் துடைத்துவிட்டு வருவார். எனக்கு அப்போது பதினாறு வயது. பதினொரு வருஷமாக அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிட வாங்கப்பா என்று கூப்பிட்டால், எனக்கு எதற்கு என்பார். எனக்கு இரண்டு வரன் வந்தது. பார்க்க வந்தவர்களை உட்காருங்கள் என்றுகூட அவர் சொல்லவில்லை. செத்தவர் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள் அத்தை?

நேற்றுக் கல்வெட்டுகிற இடத்துக்குப் போயிருந்தேன். உங்களுக்கு வரப்போகிற கல்லில் மாமா பெயர், ஜெபின் பெயர், அதற்குக் கீழே உங்கள் பெயர். பிறந்த தேதி, கோடு. அந்தப் பக்கம் காலி.

நான் சொன்னேன் என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். இல்லை, தெரிந்தாலும் பரவாயில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பெனிஷா

*

மெஞ்ஞானபுரம்
20.04.2025

பிரியமான தங்கைக்கு,

உயிர்த்தெழுந்த திருநாள் வாழ்த்துதல். நான் சுகம். பெனிஷா உனக்கு எழுதியதை என்னிடமே சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்கவில்லை.

கேட்டாய், சொல்லுகிறேன். அன்று காலை நான் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போனேன். பேனரில் நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து இருந்தீர்கள். தப்பு என்று பார்த்ததும் தெரிந்தது. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை செல்வி. நிம்மதியாக இருந்தது. முந்தின நாள் வீட்டுக்குள் நீ தரையில் கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். அந்தப் படத்தில் நீ அவர்களோடு பத்திரமாக இருக்கிறாய் என்று தோன்றியது. உன்னை மட்டும் வெட்டியெடுத்துத் தனியாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இருக்கட்டும் என்றேன்.

உன் மைனி போன அன்றே நானும் போய்விட்டேன். நடமாடுகிறது வேறு யாரோ. கல்லில் பெயர் இருப்பதால்தான் இந்தப் பதினொரு வருஷத்தை ஓட்டினேன். என் இடம் எனக்கு நிச்சயம். அதே நிச்சயத்தை உனக்கும் கொடுக்க நினைத்தேன். நான் உனக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எண்ணாதே.

கல் அடுத்த மாதம் லாரியில் வரும். நினைவு நாளுக்கு முன் பதித்துவிடு. அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

உன் அண்ணன்
தேவப்பிரியம்

*

திருவொற்றியூர்
13.07.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சுகமும் பெனிஷா சுகமும் அறிய ஆவல். நான் இருமலோடு இருக்கிறேன். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

ஈஸ்டர் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டேன். குப்பையிலிருந்து எடுத்து ஒட்டினேன். மறுபடி படித்தேன். அருவருப்பாக இருந்தது. உங்களைப் பார்த்துச் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். நடு வீட்டில் மூச்சோடு கிடந்த தங்கையைப் பார்த்து, இவள் போய்ச் சேர்ந்தால் நல்லது என்று நிம்மதிப்படுவதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். மீன்காரி மங்கை என்னை இன்னும் பேனரம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், தினமும் சண்டை போடுகிறாள். அவள் வாயிலிருந்து வருகிற வசவு உங்கள் ஜெபத்தைவிட எனக்கு மேலாகத் தோன்றுகிறது.

ஆனால் பெனிஷா எழுதியதையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு பெண் பிள்ளை பதினாறு வயதிலிருந்து அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். என் பிள்ளை சாப்பிட வர மாட்டானா என்று நான் ஒரு வருஷமாகத் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு உயிரோடு ஒருத்தி எதிரே நிற்கிறாள், நீங்கள் கல்லைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை நினைத்தால் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை.

கல் வந்து இரண்டு மாதமாகக் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் சாய்ந்து கிடந்தது. நல்ல கல். எழுத்து அழகாக இருந்தது. நினைவு நாளுக்கு முந்தின நாள், அரைக்கிற மெஷினோடு ரஞ்சித் என்று ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது பெயரை எடுக்கணும் என்றேன்.

"எதுக்கும்மா எடுக்கச் சொல்றீங்கோ? செத்தவங்க பேரு, பாவம். யாரும்மா இந்த ஞானசெல்வி?"

"நான்தான்" என்றேன்.

அவர் மெஷினை அணைத்துவிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். என்னைப் பார்க்கவே அவருக்குச் சங்கடம். "நீங்க போய் அந்த மரத்தாண்ட ஒக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். நான் போகவில்லை. போடு என்றேன். பக்கத்திலேயே நின்றேன்.

ஒவ்வொரு எழுத்தாகப் போயிற்று. கல்தூள் மூக்கிலும் வாயிலும் ஏறியது. என் பெயர் என் பல்லிடுக்கில் நறநறவென்றது. துப்பினேன். மறுபடியும் துப்பினேன். இன்னும் இருமிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் கல்லில் வழவழப்பெல்லாம் போய் ஒரு பள்ளம். "இப்டியே வுட்டா அசிங்கமா கீதும்மா, எதுனா பூவு போட்டு வுடட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படியே பதித்துவிட்டோம். நினைவு ஆராதனையில் எல்லாரும் அந்தப் பள்ளத்தையே பார்த்தார்கள்.

அவர்கள் இரண்டு பேரும் அங்கே இருக்கிறார்கள். நான் இங்கே இருக்கிறேன். அது தப்பு என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. எதற்காக இருக்கிறேன் என்று கேட்டால் மைக் பிடித்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நாற்றம் குமட்டுகிறது, பசிக்கிறது, பொய் சொல்கிறவனைக் கண்டால் கை ஓங்குகிறது. செத்தவளுக்கு இதெல்லாம் வராது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போகிறது, கயிறு கேட்டு வருகிறார்கள், நான் அளந்து வெட்டிக் கொடுக்கிறேன். பெனிஷாவின் கல்யாணத்தை நான் நின்று நடத்தப்போகிறேன். அதற்கு நான் வேண்டும், அவள் அப்பாவும் வேண்டும். செத்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாது.

ஆகையால் உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன். நீங்களும் என்னைக் கேட்டா செய்தீர்கள்? ரஞ்சித்துக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை காலை மெஷினோடு மெஞ்ஞானபுரம் வருகிறார். பெனிஷா அவரை மைனியின் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். மைனியின் பெயரில் கை வைக்க மாட்டார். அதற்குக் கீழே இருக்கிற பெயரை எடுக்கத்தான் வருகிறார்.

ஆள் நியாயஸ்தர். செத்தவர் பெயரை அழிக்க மாட்டேன் என்று என்னிடமே சொல்லிவிட்டார். மெஷினைப் போடுவதற்கு முன்னால், யாருங்க இந்த தேவப்பிரியம் என்று தாளில் எழுதிக் காட்டிக் கேட்பார். பெனிஷா பதில் சொல்லக் கூடாது என்று எழுதிவிட்டேன். நீங்கள்தான் அங்கே போய் நின்று சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கை
ஞானசெல்வி